இளையோருக்குக் கட்டாய தேசிய சேவை வேண்டுமா? யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிற பிள்ளைகளை, சிங்கப்பூரில் செய்கிற மாதிரி, ஒன்றிரண்டு வருடம் கட்டாய தேசிய சேவைக்கு எடுக்க வேண்டுமா? யாழ்ப்பாணத்தில் இதற்கு ஓம் என்பவர்களில் பலர் நாட்டுப் பாதுகாப்பை நினைத்துச் சொல்வதில்லை. பெடியள் மோட்டார் சைக்கிளும் போனுமாகத் திரிகிறார்கள், ஐஸ் போதைப்பொருளும் வாள்வெட்டும் ஊருக்குள் வந்துவிட்டது, எங்காவது பிடித்துப் போட்டால் திருந்துவார்கள் என்ற பெற்றோரின் கவலைதான் அதற்குள் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டாயம் வேண்டாம். இராணுவம் நடத்துகிற சேவை எந்தப் பெயரிலும் வேண்டாம். ஆனால் பரீட்சைக்கும் கம்பஸுக்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேல் வீணாவது உண்மை. அந்த இடைவெளிக்கு, விரும்பியவர் மட்டும் சேருகிற, படிக்காசு கொடுக்கிற, ஐந்து மாதச் சேவை ஒன்றை மாவட்ட மட்டத்தில் நடத்தலாம். அதற்கு என்ன செலவாகும், எங்கே பிழைக்கும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் கட்டாயத்தைப் பார்ப்போம்.

சிங்கப்பூரை உதாரணம் காட்டுகிறவர்கள் அதன் பாதியைத்தான் சொல்கிறார்கள். 1967இல் தேசிய சேவை சட்டமானபோது அந்த நாடு சுதந்திரம் பெற்று இரண்டு வருடமே ஆன, சொந்தப் படை என்று சொல்ல அதிகம் இல்லாத ஒரு சிறு தீவு. இப்போது முழுநேரச் சேவை 24 மாதம். அதோடு முடிவதில்லை. சாதாரண நிலையினர் 40 வயது வரையும் அதிகாரிகள் 50 வயது வரையும் வருடத்தில் 40 நாள் வரை திரும்ப அழைக்கப்படலாம். இன்னொன்றை இங்கே யாரும் சொல்வதில்லை: 13 வயது தாண்டிய ஆண்பிள்ளை மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதென்றால் அங்கே வெளியேறும் அனுமதி எடுக்க வேண்டும். கட்டாய சேவை என்றால் பயணக் கட்டுப்பாடும் கூட வரலாம். வெளிநாட்டுக் கனவோடு பிள்ளை வளர்க்கிற எங்கள் குடும்பங்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதைத்தான். பதினெட்டில் சேவை என்று சட்டம் வந்தால் பதினேழில் முகவரிடம் காசு கட்டப்படும். காசில்லாத வீட்டுப் பிள்ளைதான் முகாமுக்குப் போகும்.

சுவிற்சர்லாந்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருப்பதால் அதையும் சொல்கிறேன். அங்கே ஆண் குடிமக்களுக்குத்தான் கட்டாயம். ஆரம்பப் பயிற்சி 18 வாரம், சாதாரண சிப்பாய்க்கு மொத்தம் 245 நாள், அது பல வருடங்களுக்குப் பரவியிருக்கும். ஆயுதம் தூக்க மனச்சாட்சி இடம் தராதவர் சிவில் சேவைக்குப் போகலாம், ஆனால் ஒன்றரை மடங்கு காலம். உடல்தகுதி இல்லாமை போன்ற காரணத்தால் இரண்டும் செய்யாதவர் வரிக்குரிய வருமானத்தில் 3 வீதம் கட்ட வேண்டும். குடியுரிமை எடுத்த மகனுக்குப் பதினெட்டில் கடிதம் வரும்போது திகைக்கிற பெற்றோர் இந்த மூன்று வழிகளையும் முதலே தெரிந்து வைத்திருப்பது நல்லது. இந்தக் கடமையைப் பெண்களுக்கும் விரித்து, எல்லோருக்கும் குடிமைச் சேவை ஆக்கலாம் என்ற யோசனை 2025 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்து படுதோல்வி அடைந்தது. கட்டாய சேவைக்குப் பழகிய சமூகமே அதை அகலிக்க விரும்பவில்லை.

ஜேர்மனி 2011இல் கட்டாயத்தை இடைநிறுத்தியது. அப்போது பெரிய கவலை படையைப் பற்றியது அல்ல. முதியோர் இல்லங்களும் அம்புலன்ஸ் சேவைகளும் மாற்றுச் சேவைக்கு வந்த இளைஞர்களை நம்பியே ஓடிக்கொண்டிருந்தன. அதே வருடம் தன்னார்வச் சேவை ஒன்று தொடங்கப்பட்டது, அதற்கு ஒதுக்கிய ஏறக்குறைய 35,000 இடங்களும் நிரம்பின. படியும் காப்புறுதியும் ஒழுங்காக இருந்தால் ஆள் வரும் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. படை ஆள்பலத்துக்காக அங்கே இப்போது திரும்பவும் இளைஞர் பதிவு தொடங்கியிருப்பது வேறு கதை, அது ரஷ்யாவைப் பார்த்து எடுத்த முடிவு.

இனி 'திருந்துவார்கள்' என்ற வாதம். இதைச் சோதித்துப் பார்க்க ஆர்ஜென்ரீனா ஒரு வாய்ப்பைத் தந்தது. அங்கே கட்டாய சேவைக்கு ஆள் எடுத்தது தேசிய அடையாள இலக்கத்தின் கடைசி மூன்று எண்களுக்குக் குலுக்கல் போட்டு. ஆகவே போனவருக்கும் போகாதவருக்கும் இடையில் அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. இரு பகுதியினரின் பிற்காலக் குற்றப் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு, சேவைக்குப் போனவர்களிடையே குற்றம் குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது என்று கண்டது. வேலை தேடத் தொடங்கும் வயதில் ஒரு வருடம் பிந்துவது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஐஸ் பாவிக்கிற பிள்ளைக்கு வேண்டியது சிகிச்சையும் தொடர் கண்காணிப்பும். நானூறு பேர் படுக்கிற முகாமுக்குள் ஒரு பொட்டலம் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதை ஹொஸ்ரல் நடத்தியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் இடத்துக்கென்று ஒரு தனிக் கணக்கும் உண்டு. 1989 கடைசியில் இந்தியப் படை வெளியேறிக்கொண்டிருந்த நேரம், தமிழ் தேசிய இராணுவம் என்ற பெயரில் ரியூசனுக்குப் போன பிள்ளைகள் வீதியில் வைத்து ஏற்றப்பட்டார்கள். பிள்ளைபிடி என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. விடுதலைப் புலிகளின் காலத்தில் ஊரை விட்டு வெளியே போகும் பாஸ் எடுக்கப் பிணைக்கு ஆள் நிற்க வேண்டியிருந்தது. 2006க்குப் பிறகு வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாக எடுத்தார்கள், அதற்குத் தப்ப வைக்கப் படிக்கிற வயதில் கலியாணம் செய்து வைத்த குடும்பங்கள் ஏராளம். பிறகு 2011 மே மாதம், கம்பஸுக்குத் தெரிவான மாணவர்களை மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி என்று இராணுவ முகாம்களுக்கு அழைத்தது அரசு. பாடத்திட்டத்தின் வரலாற்றுப் பகுதி பெரும்பான்மையினரின் பார்வையில் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது என்ற விமர்சனம் தெற்கிலிருந்தே எழுந்தது. 2021 ஜனவரியில் 18 வயது தாண்டிய எல்லோருக்கும் இராணுவப் பயிற்சி என்று அப்போதைய அமைச்சர் சரத் வீரசேகர யோசனை சொன்னார். ஆட்சிகளும் கொடிகளும் மாறினாலும், அம்மாமாரின் காதில் இவை எல்லாம் ஒரே அறிவித்தலாகத்தான் விழுகின்றன. இந்த நினைவைப் பொருட்படுத்தாமல் திட்டம் வரைகிறவர் முதல் நாளே தோற்றுப் போவார், ஏனென்றால் பதிவுக்கே ஆள் வராது.

சட்டத்துக்கு வருவோம். இதில்தான் பலர் கவனிக்காத ஒரு முடிச்சு இருக்கிறது. சர்வதேச தொழில் அமைப்பின் 1930ஆம் ஆண்டு 29ஆம் இலக்கக் கட்டாய உழைப்புச் சமவாயத்தை இலங்கை 1950இலேயே ஏற்றது. கட்டாய இராணுவ சேவைக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் வேலை முற்றிலும் இராணுவத் தன்மை உள்ளதாக இருக்க வேண்டும். பொருளாதார அபிவிருத்திக்காக ஆட்களைக் கட்டாயமாகத் திரட்டுவதை 105ஆம் இலக்கச் சமவாயம் நேரடியாகவே தடுக்கிறது, அதையும் இலங்கை ஏற்றிருக்கிறது. வெள்ளம், தீ, தொற்றுநோய் போன்ற அவசர நிலைகளுக்கும் ஊரளவிலான சிறு பொதுப்பணிகளுக்கும் 29ஆம் இலக்கத்தில் விலக்கு உண்டு. ஆகவே பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி ரோட்டுப் போடவோ, குளம் தூர்வாரவோ, ஆஸ்பத்திரியில் வேலை வாங்கவோ சட்டம் கொண்டுவந்தால் அது இந்தக் கடப்பாடுகளோடு மோதும். கட்டாயமாகத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தால் மோதாது. எங்களுக்குத் தேவையானது முதலாவது, தேவையில்லாதது இரண்டாவது.

துப்பாக்கிப் பயிற்சி நாட்டுக்கே தேவையில்லை என்பது அரசின் கணக்கிலேயே தெரிகிறது. ஏறக்குறைய இரண்டு இலட்சமாக இருந்த தரைப்படையின் ஆளணியை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். 2000களின் நடுப்பகுதியில் நாட்டில் வருடத்துக்கு மூன்றரை இலட்சத்துக்கு மேல் பிள்ளைகள் பிறந்தார்கள். நோய், விலக்கு, வெளிநாடு என்று கழித்து மூன்று இலட்சம் பேர் என்று வையுங்கள். மாதம் 15,000 ரூபா படி கொடுத்தால் வருடத்துக்கு 5,400 கோடி. சாப்பாட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 900 ரூபா என்றால் இன்னும் 9,800 கோடிக்கு மேல். முப்பது பேருக்கு ஒரு பயிற்றுநர் என்றாலும் பத்தாயிரம் பயிற்றுநர் வேண்டும். கட்டடம், உடுப்பு, மருத்துவம் இதில் இல்லை. குறைக்கப் போகிற படைக்கு மூன்று மடங்கு ஆளை ஒவ்வொரு வருடமும் கூட்டிவந்து என்ன செய்வது?

'இனங்கள் கலந்து பழகும்' என்பது இன்னொரு வாதம், இதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். நைஜீரியா இதைத்தான் செய்தது. 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1973இல், பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் சொந்த மாநிலத்துக்கு வெளியே ஒரு வருடம் வேலை செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். முதல் மூன்று வாரம் முகாம், பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அலுவலகம் என்று நியமனம். முடித்த சான்றிதழ் இல்லாமல் அரச வேலை கிடையாது. வேறு இனத்தவரின் பகுதிக்குப் போனவர்களிடம் நாட்டைப் பற்றிய பெருமிதம் கூடியதாகவும், அதோடு சேர்ந்து சொந்த இனப் பற்றும் கூடியதாகவும் ஒரு ஆய்வு காட்டியது. இரண்டும் ஒன்றையொன்று தின்னவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. ஆனால் 2011 தேர்தலுக்குப் பிறகு அந்த நாட்டின் வடக்கில் மூண்ட வன்முறையில், அங்கே தேர்தல் கடமைக்கு அனுப்பப்பட்டிருந்த சேவை இளைஞர்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். அதுக்குப் பிறகு பாதுகாப்பில்லாத மாநிலங்களிலிருந்து மாற்றம் கேட்பதும், செல்வாக்கைப் பிடித்து நல்ல இடம் எடுப்பதும் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. அதே மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கானாவிலோ, சேவைப் பட்டியலில் ஆயிரக்கணக்கான போலிப் பெயர்களைச் சேர்த்துப் படிக்காசை எடுத்த மோசடி ஒரு முறைக்கு மேல் பிடிபட்டது.

நைஜீரியாவில் அது ஓரளவாவது ஓடியதற்குக் காரணம், படித்தவர் எல்லோருக்கும் ஆங்கிலம் பொது மொழி. எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. மொனராகலைக்கு அனுப்பப்படும் பருத்தித்துறைப் பிள்ளை அங்கே சிங்களத்தில்தான் கட்டளை கேட்கும், சிங்களத்தில்தான் படிவம் நிரப்பும். இங்கே வரும் அம்பாந்தோட்டைப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாமலே வருடம் முடிந்துவிடும். கலப்பு வேண்டுமென்றால் மொழிப் பயிற்சி முதலில் வர வேண்டும், இரு பக்கத்துக்கும் ஒரே அளவில்.

கட்டாயத்தின் கடைசி ஆபத்து முடிவுத் திகதி. எரித்திரியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது 18 மாதம். 1998இல் எத்தியோப்பியாவோடு போர் வந்ததும் அது முடிவில்லாததாயிற்று, போர் நின்ற பிறகும் விடவில்லை. அந்த நாட்டு இளைஞர்கள் கடல் தாண்டி ஓடுவதற்கு முதல் காரணம் அதுதான். அவசரகாலச் சட்டத்தை மாதாமாதம் நீடித்துப் பழகிய ஒரு நாட்டில், '18 மாதம் மட்டும்' என்ற எழுத்தை நம்பிக் கையெழுத்துப் போட எனக்குத் துணிவு இல்லை.

சரி, அப்படியானால் எதைக் கேட்கலாம்?

யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உண்டு. பிரதேசத்துக்கு 40 பேர் என்றால் 600 பேர். சராசரியாகப் பன்னிரண்டு பேருக்கு ஒரு குழுவாக 50 குழுக்கள், குழுவுக்கு ஒரு முழுநேர மேற்பார்வையாளர். காலம் 20 வாரம், வாரத்தில் ஐந்து நாள், அதில் நான்கு நாள் வேலை, ஒரு நாள் படிப்பு. நாளுக்கு 1,000 ரூபா என்றால் ஆளுக்கு ஒரு இலட்சம், மொத்தம் 6 கோடி. மேற்பார்வையாளருக்கு மாதம் 60,000 வீதம் ஆறு மாதம் என்றால் 1 கோடி 80 இலட்சம். கருவி, காப்புறுதி, போக்குவரத்து சேர்த்துப் பத்துக் கோடிக்குள் அடக்கலாம். நடத்துவது மாவட்டச் செயலகமும் உள்ளூராட்சிச் சபைகளும். சீருடைக்காரர் எவரும் இதற்குள் வரக்கூடாது, வகுப்பு எடுக்கவும்கூட.

ஆயிரம் ரூபாவைக் குறைக்கலாமே என்று மாவட்டச் செயலக (கச்சேரி) கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் கேட்பார். குறைத்தால் பஸ் காசுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போக ஒன்றும் மிஞ்சாது, பிறகு அரச உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் வரும். மேசன் வேலைக்குக் கையாளாகப் போனால் கிடைக்கிற கூலி இதைவிடக் கூட என்பதை மறக்க வேண்டாம்.

குழுவை எப்படிப் பிரிப்பது என்பதில் வெளியிலிருந்து வருகிறவர்கள் எப்போதும் பிழை விடுவார்கள். கிராம அலுவலர் பிரிவு வாரியாகக் குழு போட்டால், எங்கள் குடியிருப்புகள் இருக்கிற நிலையில், அது சாதி வாரியான குழுவாகவே அமையும். பிறகு எந்தக் குழு எந்த வீட்டுக் கிணற்றடிக்குப் போகும் என்ற பேச்சு வரும். ஆகவே பிரதேச மட்டத்தில் எல்லோரையும் ஒரு பட்டியலில் போட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும். ஒரே பாடசாலையிலிருந்து ஒரு குழுவில் மூன்று பேருக்கு மேல் கூடாது.

வேலைகளைத் தெரிவு செய்ய ஒரே விதி போதும்: சம்பளத்துக்கு ஆள் இருக்கிற வேலையைக் கொடுக்கக்கூடாது. குப்பை அள்ளவும் வீதி கூட்டவும் இவர்களை விட்டால் அடுத்த வருடம் சபை தொழிலாளர் வெற்றிடங்களை நிரப்பாது. யாரும் செய்யாமல் விட்ட வேலைகளே போதுமான அளவு கிடக்கின்றன.

முதலாவது கிணறு. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் பெரும்பாலும் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் அதையே இறைக்கிறோம். வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் பசளையால் நைத்திரேற்றுக் கூடியிருக்கிறது, கரையோரத்தில் உவர் ஏறுகிறது. ஆனால் ஊர் ஊராக, வருடா வருடம், ஒரே முறையில் அளந்த பதிவு மிகக் குறைவு. ஒரு குழு நீர்மட்டத்தையும், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும் வருடத்தில் இரண்டு தரம் அளக்கலாம்: செப்ரெம்பரில் வறட்சி முடியும்போது ஒன்று, ஜனவரியில் மாரி முடிந்த பிறகு ஒன்று. ஒரு தடவையில் சேரும் ஆட்களை ஒரு தொகுதி என்று வைத்தால், எந்த அளவீடு எந்தத் தொகுதியின் காலத்துக்குள் விழுகிறதோ அதை அந்தத் தொகுதி செய்யும். நைத்திரேற்றுக்கு மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க வேண்டும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை.

இதில் வரும் பிழைகள் எப்போதும் ஒன்றுதான். மோட்டர் போட்டு இறைத்த கையோடு அளந்தால் மட்டம் தாழ்ந்து காட்டும், ஆகவே விடிய, இறைப்புக்கு முன் அளக்க வேண்டும். கிணற்றுக் கட்டின் மேல் விளிம்பிலிருந்து நாடாவை விடுகிறவர்கள் கட்டின் உயரத்தைக் கழிக்க மறந்துவிடுவார்கள். இரண்டு கிணற்றை ஒப்பிடும்போது முக்கால் மீற்றர் பிழை வந்து நிற்கும். மின்கடத்துதிறன் மானியை ஒவ்வொரு நாளும் காலையில் 1,413 மைக்ரோசீமென்ஸ் நியமக் கரைசலில் சரிபார்க்க வேண்டும். பாவித்த கரைசலைத் திரும்பப் போத்தலுக்குள் ஊற்றினால் அந்தப் போத்தல் முழுவதும் பழுது. மாதிரிப் போத்தலில் கிணற்றின் இலக்கம், திகதி, நேரம் மூன்றும் அங்கேயே எழுதப்பட வேண்டும், வீட்டுக்கு வந்து நினைவில் எழுதக்கூடாது.

இரண்டாவது டெங்கு. யாழ்ப்பாணத்தில் மாரியோடு, டிசம்பர் ஜனவரியில் அது உச்சத்துக்குப் போகும். முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள். ஆகவே ஒரு வீட்டை மாதத்துக்கு ஒருக்கால் பார்ப்பது வீண். அதே வீட்டை, அதே கிழமையில், ஒவ்வொரு வாரமும் பார்க்க வேண்டும். பெரிய சிரமதானம் வைத்துப் படம் எடுத்துவிட்டுப் போனால் பத்தாம் நாள் திரும்ப நுளம்பு. கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, சிரட்டை, பழைய ரயர், ஆட்கள் இல்லாத வெளிநாட்டுக்காரரின் வீட்டு மொட்டை மாடி: கடைசியில் சொன்னதுதான் அதிகம் தவறுவது, ஏனென்றால் திறப்பு யாரிடம் என்று தெரியாது. திறப்புக்காரரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் பொதுச் சுகாதார பரிசோதகரின் பட்டியலில் முதலே ஏற வேண்டும்.

மூன்றாவது தனித்திருக்கும் முதியவர்கள். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும், அம்மா மட்டும் ஐந்தறை வீட்டில் என்பது இங்கே சாதாரணம். வாரத்தில் இரண்டு தரம், எப்போதும் இருவராக, அதே இருவர் போக வேண்டும். மருந்துப் பட்டியலைப் பார்த்தல், கிளினிக் திகதியை நினைவூட்டல், பிரெஷர் அளந்து எழுதுதல். வங்கி அட்டை, இரகசிய இலக்கம், நகை, திறப்பு இவற்றைத் தொடவே கூடாது, அவர்களே கெஞ்சிக் கேட்டாலும். இந்த விதியை மீறினால் அன்றே நீக்கம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு களவு நடந்தால் திட்டம் முழுவதும் ஊரில் நாறிவிடும்.

படிப்பு நாளில் முதல் மூன்று வாரமும் முதலுதவி. மார்பழுத்தம் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120, முப்பதுக்கு இரண்டு மூச்சு: இதை பொம்மையில் கை நோகச் செய்து பார்க்காமல் சான்றிதழ் கொடுக்கக்கூடாது. மீதிக் காலம் பேச்சுச் சிங்களமும் கணினி அட்டவணையும். கிணற்றுத் தரவை அவர்களே உள்ளிட்டு வரைபடமாக்கும்போது கணினி தானாகப் பழகும். முடிவில் கொடுக்கும் கடதாசி வெறும் பங்குபற்றல் சான்றிதழாக இருந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். தேசிய தொழிற் தகைமையின் ஏதாவது ஒரு அலகோடு அதைப் பொருத்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவோடு முதலே பேசி முடிக்க வேண்டும். தொடங்கின பிறகு பேசினால் முதல் தொகுதி வெறுங்கையோடு போகும்.

பெண்பிள்ளைகள் வருவார்களா என்பதைத் தீர்மானிப்பது மூன்று விஷயம்: மாலை ஐந்துக்குள் வீடு, வேலைத் தளத்தில் கழிப்பறை, குழுவில் குறைந்தது நான்கு பெண்கள். ஒரே பெண்ணாகப் போட்ட குழுவிலிருந்து அந்தப் பிள்ளை இரண்டாம் வாரம் நின்றுவிடும், குற்றம் அதன் மேல் இல்லை.

காப்புறுதி முதல் நாளிலிருந்து. கிணற்றடி வேலை, வீதி, நாய்க்கடி மூன்றும் அதில் பெயர் சொல்லி அடங்க வேண்டும். மாவட்ட எல்லையில், முகமாலையை அண்டிய இடங்களில் கண்ணிவெடி அகற்றல் முடிந்ததாகச் சான்று இல்லாத காணிக்குள் எந்தக் குழுவும் மண்வெட்டி எடுக்கக்கூடாது.

விலகுவதற்கு ஒரு பக்கக் கடிதம் போதும், காரணம் கேட்கக்கூடாது, அதுவரை வேலை செய்த நாளுக்குப் படி கொடுக்க வேண்டும். விலகியவர் பட்டியல் எந்த அலுவலகத்துக்கும் போகக்கூடாது. இந்த ஒரு பந்திதான் பெற்றோர் முதலில் தேடிப் படிப்பது. ஆகவே அது விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் வர வேண்டும்.

தொடங்கும் திகதியை நாட்காட்டி மாதத்தில் வைக்க வேண்டாம். உயர்தரப் பரீட்சைத் திகதி அண்மைக் காலத்தில் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டிருக்கிறது. பரீட்சை முடிந்து மூன்றாவது வாரத் திங்கட்கிழமை என்று வைப்பதே சரி. ஆறு வாரம் தாண்டினால் பாதிப் பேர் கடை வேலைக்கும், கொழும்பில் ஆங்கில வகுப்புக்கும், மாமா அனுப்பின கடிதத்தோடு பாஸ்போட் வரிசைக்கும் போயிருப்பார்கள்.